தலையாட்டியல்: பழவேற்காட்டுப் பூநாரையைப் பார்த்துவிட்டதாக ஒப்புக்கொள்ளும் முறைமை குறித்து ஒரு முன்னாய்வு

பூநாரையைப் பற்றி உலகத்தார் எழுதியது கொஞ்சநஞ்சமல்ல. அது ஏன் ஒற்றைக் காலில் நிற்கிறது, ஏன் தலையைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு தின்கிறது, இறகில் அந்த ரோஜா நிறம் எந்த இரையிலிருந்து ஏறுகிறது, குஜராத்தின் கட்ச் உவர்நிலத்தில் குஞ்சு பொரிப்பது எப்படி என்பதற்கெல்லாம் தடித்தடியாகப் புத்தகங்கள் உண்டு. ஆனால் அந்தப் பூநாரைக்கு எதிரே, ஏரிக்கரையில், கழுத்தில் இரவல் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு வேன் நிறைய மனிதர்கள் "ஆமாமா, தெரியுது, தெரியுது" என்று தலையாட்டுகிறார்களே, அவர்களில் யாருக்கு உண்மையில் தெரிந்தது என்பது பற்றி உருப்படியாக ஒரு பக்கம்கூட எழுதப்படவில்லை. பறவையியலார் எல்லோரும் பறவைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றதால் நேர்ந்த குறை இது. அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் நடந்ததை இங்கே ஆராய்கிறோம்.

ஆய்வின் வரம்பை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தனியாகப் பறவை பார்க்கப் போகிறவர்கள் இதில் சேர்த்தியில்லை. மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் 1950இல் தொடங்கி 1996இல் மறையும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' ஏட்டில் இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதியவர். பார்த்ததைத் தானே வரைந்தும் காட்டியவர். அப்பேர்ப்பட்டவர் நம் ஆய்வுக்குப் பயன்பட மாட்டார். தனியாகப் போகிறவருக்குத் தலையாட்டிக் காட்ட எதிரே ஆளில்லை. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று வீட்டுக்கு வந்துவிடுவார். சத்திமுத்தப் புலவர் நாரையிடம் சேதி சொல்லி அனுப்பியபோதும் கூட ஒரு குழு இருந்ததாகத் தெரியவில்லை. எனவே அவரையும் விலக்குகிறோம். இங்கே எடுத்துக்கொள்வது கைடு, வேன், மதியச் சாப்பாடு மூன்றும் கட்டணத்தில் அடங்கிய ஒரு நாள் சுற்றுலா மட்டுமே.

கிளம்புமிடம்

களம் கிண்டி. சென்னையின் வெவ்வேறு மூலைகளில் குடியிருப்பவர்கள் சேர்ந்து எங்காவது போவதென்றால் கூடுமிடம் கிண்டி என்று தானாக முடிவாகிவிடும். மின்சார ரயில் நிற்கிறது, மெட்ரோ நிற்கிறது, யாருக்கும் அது பக்கமில்லை. ஆக எல்லோருக்கும் சம அளவு அசௌகரியம். இதுதான் சென்னையில் நியாயம் எனப்படுவது. முந்தின இரவு குழுவில் செய்தி வரும்: "காலை 5.15, கத்திப்பாரா பாலத்துக்கு அடியில்."

கத்திப்பாரா பாலத்துக்கு அடி என்பது ஓர் இடமல்ல, ஒரு வட்டாரம் என்பது ஐந்தரை மணிக்கு மேல்தான் அவரவருக்கு உறைக்கும். ஆலந்தூர்ப் பக்கம் நிற்பவர் பூந்தமல்லி சாலைப் பக்கம் நிற்பவரிடம் போனில் "நான் பாலத்துக்குக் கீழதாங்க நிக்கிறேன்" என்பார். "நானும் அங்கதானே நிக்கிறேன், உங்களைக் காணோமே" என்று மறுமுனை சொல்லும். இருவரும் பொய் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று இன்ன இடத்தில்தான் இருக்கிறது என்று ஒத்துக்கொள்ளும் பயிற்சி, பறவையைப் பார்ப்பதற்குப் பல மணி நேரம் முன்பே, இவ்விடத்தில் தொடங்கிவிடுகிறது.

இவர்கள் காத்து நிற்கும் இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். 1978இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். உள்ளே வெளிமானும் புள்ளிமானும் மேய்கின்றன. ஆளுநர் மாளிகையின் பழைய காட்டைப் பிரித்துத்தான் 1959இல் ஐ.ஐ.டி. வந்தது, அங்கே படித்தவர்களுக்கு விடுதி வாசலில் மான் நிற்பதும் சைக்கிள் நிற்பதும் ஒன்றுதான். அதே 1978இல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி தன் இதழுக்கு 'பிளாக்பக்' என்று வெளிமான் பெயரையே வைத்தது. அப்படி இருந்தும், விடிகாலையில் கிண்டியில் வனவிலங்கு பார்க்கக் கூடியவர்களில் ஒருவரும் கிண்டிப் பக்கம் திரும்புவதில்லை. காட்டுக்குள்ளே பொதுமக்களை விடுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் சிறுவர் பூங்காவுக்கும், ராமுலஸ் விட்டேகர் 1972இல் அங்கே கொண்டுவந்த பாம்புப் பண்ணைக்கும் தடையொன்றுமில்லை. கேட்டால், "அதெல்லாம் மூணாங்கிளாஸ்ல ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்களே" என்பார்கள். மூன்றாம் வகுப்பில் பார்த்த விலங்கு அதன்பின் விலங்குக் கணக்கில் வராது.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது: ஒரு விலங்கின் மதிப்பு, அதைப் பார்க்க எத்தனை மணிக்கு அலாரம் வைத்தோம் என்பதைப் பொறுத்தது. வெளிமானைக் காக்கவென்று 1967இல் ஏற்பட்டது கோடியக்கரைச் சரணாலயம். அங்கே போய் அதே வெளிமானைப் பார்க்க வேதாரண்யத்துக்கு இரவுப் பேருந்து ஏறுகிறவர்கள் வேளச்சேரியிலும் அடையாறிலும் இருக்கிறார்கள். வழியில் அவர்களுடைய ஆட்டோ கிண்டி வெளிமானின் சுற்றுச்சுவரை உரசிக்கொண்டுதான் போகிறது.

திணை ஆராய்ச்சி

பழவேற்காடு ஐயத்துக்கிடமின்றி நெய்தல் நிலம். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி நாட்டின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி. ஒரு பக்கம் கடல், நடுவே ஸ்ரீஹரிகோட்டாவின் நீண்ட மணல் திட்டு, இன்னொரு பக்கம் ஆரணி ஆறும் காளங்கியும் கொண்டுவந்து கொட்டும் நன்னீர். தமிழ்நாட்டுப் பகுதியில் 153.67 சதுர கிலோமீட்டர் 1980 முதல் பறவைகள் சரணாலயம். ஆகவே இச்சுற்றுலாவை நெய்தல் திணையில் வைத்துத்தான் ஆராய வேண்டும். வைத்துப் பார்த்தால் இலக்கணம் எங்கெங்கே வழுவுகிறது என்பது தெளிவாகும்.

நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு, அதாவது பொழுது சாயும் நேரம். நம் குழுவோ காலையிலேயே போய் நெய்தலை முடித்துவிட்டு, எற்பாட்டு வேளையில் மாதவரம் ரவுண்டானாவில் லாரிகளுக்கு நடுவே நிற்கும். தெய்வம் வருணன் என்பது விதி. டாஷ்போர்டில் இருப்பவர் பிள்ளையார். விளரி யாழுக்குப் பதிலாக ஓட்டுநரின் பென் டிரைவில் இளையராஜா. நெய்தலுக்கு உணவாகச் சொல்லப்பட்டவை மீனும் உப்பும் விற்றுப் பெற்ற பண்டங்கள். அந்த இடத்தில் இப்போது மிளகாய்ப்பொடி இட்லி இருக்கிறது.

இந்த இட்லியைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும், ஏனென்றால் பிற்பாடு பறவைகளின் எண்ணிக்கையைப் பாதிக்கப்போவது அதுதான். முந்தின இரவே வார்த்து, இரண்டு பக்கமும் பொடி தடவி, நல்லெண்ணெயில் ஊறவிட்டு, வாழையிலையில் மடித்து, மேலே செய்தித்தாள் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டது. பொன்னேரியில் நிறுத்திச் சாப்பிடலாம் என்பது கைடின் திட்டம். செங்குன்றம் தாண்டியதும் பின்சீட்டில் யாரோ ரப்பர் பேண்டை உருவுவார்கள். அந்த வாசனை வேனுக்குள் பரவிய பிறகு "இன்னும் அரைமணி நேரம் பொறுங்க" என்று சொல்லும் திராணி எந்தக் கைடுக்கும் இல்லை. கை கழுவத் தண்ணீர் பாட்டிலைத் தேடுவதற்குள் வேன் குலுங்கும். எண்ணெய் விரல் ஜன்னலில் படும், சட்டையில் படும், கடைசியில் பைனாகுலர் கண்ணாடியிலும் படும். ஏரியின்மேல் அன்று காலை காணப்பட்டதாகப் பலரும் பதிவுசெய்யும் 'லேசான பனிமூட்டம்' இவ்வாறு உண்டாவது.

எல்லாம் வழுவினாலும் உரிப்பொருள் மட்டும் வழுவவில்லை. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். பூநாரை சரியாகத் தெரியவில்லையே என்ற இரங்கலைத்தான் தலையாட்டல் மூடி மறைக்கிறது.

சுட்டுதலும் ஒப்புதலும்

கைடு நல்ல மனிதர். வார நாளில் ஏதோ மென்பொருள் நிறுவனத்தில் வேலை. சனி, ஞாயிறு பறவைக்கு. 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் விடுமுறையைத் தியாகம் செய்து குளக்கரையில் நிற்பவர். வேன் பொன்னேரி தாண்டியதும் எழுந்து நின்று விதிகளைச் சொல்வார்: யாரும் சத்தம் போடக் கூடாது, பளிச்சென்ற நிறத்தில் உடை கூடாது. சத்தம் போடக் கூடாது என்பதை மைக்கில் சொல்வார். உடை பற்றிய விதி வேன் ஏறிய பிறகு தெரிவதால், மூன்றாவது வரிசையில் ராணி கலர் சுடிதாரில் இருக்கும் பெண்மணி, "ஃப்ளமிங்கோவே பிங்க்தானே சார்?" என்று கேட்பார். இதற்கு இதுவரை எந்தக் கைடும் பதில் சொன்னதில்லை.

கைடுக்கு எதிர்த்தரப்பிலும் ஒருவர் இருக்கிறார். கரையோரப் புல்லில் திரியும் ஆள்காட்டிக் குருவி. வேன் கதவைத் தள்ளிய சத்தம் கேட்டதுமே அது எழும்பி, வட்டமடித்து, தொண்டை கிழியக் கத்தி, வந்திருப்பவர்களைப் பற்றி ஏரி முழுவதற்கும் தெரிவித்துவிடும். அதன் குழுவில் ஒருவரும் "எங்கே? எங்கே?" என்று திரும்பக் கேட்பதில்லை. ஒரு நொடியில் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. வழிகாட்டும் கலையில் அவர்கள் எங்கோ போய்விட்டார்கள்.

மனிதத் தரப்பில் நிலைமை வேறு. பழவேற்காட்டு ஏரி ஆழமில்லாதது, பெரும்பாலும் இடுப்பளவு தண்ணீர், கண்ணுக்கெட்டியவரை தட்டையான ஒரே வெள்ளைப் பரப்பு. மரமில்லை, பாறையில்லை, கோபுரமில்லை. 'அந்த வேப்பமரத்துக்குப் பக்கத்தில்' என்று சொல்ல வழியே கிடையாது. இருப்பவையெல்லாம் வலை கட்ட ஊன்றிய கழிகள். அவை நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

"அதோ, அந்தக் கழிக்கு வலப்பக்கம்."

"எந்தக் கழி சார்?"

"நீர்க்காகம் உக்காந்திருக்கு பாருங்க, அந்தக் கழி."

"நீர்க்காகம் எது?"

"அந்தக் கழி மேல இருக்கே, அது."

கழியை அறிய நீர்க்காகம் வேண்டும், நீர்க்காகத்தை அறியக் கழி வேண்டும். தருக்க நூலார் இதை அந்நியோன்யாசிரயம் என்று குற்றமாக வகுத்திருக்கிறார்கள். அவர்களும் ஏதோ ஒரு காலத்தில் இதுபோன்ற குழுவோடு நீர்நிலைக்குப் போயிருக்க வேண்டும் என்பது என் துணிபு.

அடுத்தது கடிகார முறை. ராணுவத்தில் பயன்படுவது. "பத்து மணி திசையில் பாருங்க" என்றார் கைடு. ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்ப ஒம்பதே முக்கால்தான் ஆகுது" என்றார். கால்மணி நேரம் காத்திருக்க அவர் தயாராகவும் இருந்தார்.

இரண்டு முறைகளும் தோற்ற பிறகு தொலைநோக்கி வருகிறது. முக்காலியில் பொருத்தி, கைடு தானே குனிந்து பறவையை நடுவில் நிறுத்திவிட்டு, "தொடாமப் பாருங்க" என்று விலகுவார். முதலில் பார்ப்பவர் உயரமானவர். குனியும்போது பிடிமானத்துக்கு முக்காலியைப் பிடிப்பார். அந்த ஒரு தொடுதலில் பூநாரை போய்விடும். உருப்பெருக்கம் கூடக்கூட இங்கே அரை அங்குலம் அசைந்தால் அங்கே அரை ஏரி நகரும் என்பது ஒளியியல். அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் தெரியப்போவது வெறும் தண்ணீர், அல்லது வெறும் வானம். இரண்டும் ஒரே நிறத்தில் இருப்பதால் எது என்று சொல்ல முடியாது. ஆனால் வரிசை நகர்கிறது. ஒவ்வொருவரும் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு குனிகிறார், மனசுக்குள் நான்கைந்து எண்ணுகிறார், நிமிர்கிறார், தலையாட்டுகிறார்.

ஆட்டல்கள் எல்லாம் ஒன்றல்ல. விரல் நீளும் முன்பே ஆடிவிடும் தலைகள் உண்டு. அவர்களுக்கு நண்டு வறுவல் எப்போது என்பதுதான் கவலை. "ஓ..." என்று இழுப்பவர்கள் உண்டு, அந்த ஓகாரம் எத்தனை மாத்திரையோ அத்தனைக்கு அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இவர்களால் ஆபத்தில்லை. ஆபத்தானது கூட்டல் ஒப்புதல். தான் பார்த்ததை மற்றவர் நம்ப வேண்டுமென்று கூடுதலாக ஒரு தகவலைச் சேர்ப்பது அது. மேற்படி வங்கி மேலாளர் தொலைநோக்கியிலிருந்து நிமிர்ந்து, சாதாரணமாக, "ரெண்டு இருக்கே சார்" என்றார்.

கைடு நிறுத்தி வைத்திருந்தது ஒரு பூநாரை. வரிசையில் அடுத்து நின்ற பெண்மணி குனிந்து பார்த்துவிட்டு, "ஆமா, ரெண்டு" என்றார். அவருக்கடுத்தவர், "ஒண்ணு கொஞ்சம் சின்னதா இருக்கு" என்றார். கைடின் முகத்தில் முதலில் குழப்பம், பிறகு பயம். இத்தனை பேர் பார்த்த பறவையைத் தான் கவனிக்காமல் விட்டால் தன் பெயர் என்னாவது? அவரே மறுபடி குனிந்தார். வெகுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்து, "கரெக்ட் சார். ரெண்டு" என்றார். தலையாட்டல் கீழிருந்து மேலே பாய்வதை இவ்வளவு துலக்கமாக வேறெங்கும் காண முடியாது.

இடையில் ஒரு ஏழு வயதுப் பையன், "எனக்கு ஒண்ணுமே தெரியலையே" என்று உரக்கச் சொன்னதையும் பதிவுசெய்ய வேண்டும். ஒரு கணம் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். அவனுடைய அம்மா அவன் தலையைப் பிடித்து, பக்கத்துச் சேற்றில் நின்ற ஒரு கொக்கின் பக்கம் திருப்பி, "அதோ பாரு கண்ணா, ஃப்ளமிங்கோ" என்றார். "வெள்ளையா இருக்கு?" "குழந்தைல அப்படித்தான் இருக்கும்." பூநாரைக் குஞ்சு சாம்பல் நிறமாக இருக்கும், நிறம் ஏறச் சில வருடங்கள் ஆகும் என்பதால், அந்த அம்மா தன்னையறியாமல் உண்மைக்கு வெகு அருகில் போய்விட்டார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. (அறிஞர்கள் என்றது வேனின் பின்சீட்டில் இருந்தவர்களை.) மயிலாப்பூர்ப் பள்ளியினர் இதை மார்கழிக் கச்சேரியோடு சேர்க்கிறார்கள்: ராகம் இன்னதென்று தெரியாவிட்டாலும், முன்வரிசைக்காரர் தலை ஆடினால் அடுத்த வரிசைத் தலையும் ஆடியாக வேண்டும், மியூசிக் அகாடமி 1928இல் ஏற்பட்டதிலிருந்து இது வழிவழியாக வருகிறது. தி.நகர்ப் பள்ளியினர் இதை மறுக்கிறார்கள். பட்டுப்புடவைக் கடையில் நூறாவது புடவையை விரித்து "இது எப்படி இருக்கு?" என்று மனைவி கேட்கும்போது கணவன்மார் ஆட்டும் தலையே மூலம் என்பது அவர்கள் கட்சி. நல்லி கடை தி.நகரில் தொடங்கியதும் அதே 1928 என்பதால், ஆண்டைக் கொண்டு இவ்வழக்கைத் தீர்க்க முடியாது. அடையாறுப் பள்ளி மிகச் சிறியது. பிரம்மஞான சபை அடையாற்றுக்கு வந்த 1882 முதலே புலனுக்கு எட்டாதவற்றை ஏற்கும் மரபு அங்கே உண்டு, ஆகவே முதலுரிமை தங்களுக்கே என்கிறது. ஆண்டுக் கணக்கில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் தலை ஆடும் வேகத்தைப் பார்த்தால் எனக்கென்னவோ புடவைக் கடைதான் பொருத்தமாகப் படுகிறது.

எல்லைத் தகராறு

மூல காரணம் ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னால் கைடுமேல் பழி போகாது. இந்த ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. பூநாரைகளுக்கு வேண்டியது கால் முழுகாத தண்ணீரும் அடியில் சேறும். வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பிய பிறகு தண்ணீர் எங்கே முதலில் வடிகிறதோ அங்கே போய் நிற்கும். வடக்கே, சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் சாலையின் இரு பக்கமும் அவற்றுக்கு வாகான மேட்டுச்சேறு. அங்கே பூநாரைக்கென்று திருவிழாவே நடத்துகிறார்கள். கொஞ்சம் தள்ளி நேலப்பட்டில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும். ஆகக்கூடி, தமிழ்நாட்டுக் கரையில் நின்று பணம் கட்டிப் பார்ப்பது பல நாட்களில் ஆந்திரப் பறவைகளை.

இவ்வாறு பார்த்த பறவை எந்த மாநிலக் கணக்கில் சேரும் என்ற கேள்வி குழுவில் எழுந்தது. பார்த்தவர் நிற்குமிடமே கணக்கு என்றார் ஒருவர். பார்க்கவே இல்லையே, கணக்கு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

ஏன் படகில் கிட்டே போய்ப் பார்க்கக் கூடாது என்ற கேள்வியும் வரும். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச்சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பிறகு சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது. கைடு இதைச் சொல்லும்போது மட்டும் யாரும் தலையாட்டுவதில்லை.

ஒப்பீட்டுக்காக, குழுவைச் சேராத ஒருவரையும் கவனித்தோம். கரையில் காலை நீட்டி உட்கார்ந்து, கால் கட்டைவிரலில் வலையின் ஒரு முனையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார் ஒரு மீனவர். ஊசியில் நூல் ஏறுவதும் கண்ணி விழுவதும் தவிர வேறெதையும் அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. இந்த ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதற்குப் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. மீன்பிடி இடங்களைக் கிராமத்தார் தங்களுக்குள் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஆகவே எந்தக் கழி யாருடையது என்பது அவருக்குத் தெரியும். கைடு கடைசிவரை அடையாளம் காட்ட முடியாமல் போன கழியையும் சேர்த்து.

வங்கி மேலாளர் அவரிடம் போய்த் தம் கண்டுபிடிப்பைச் சொன்னார். "அண்ணே, அங்க ரெண்டு ஃப்ளமிங்கோ நிக்குது பாத்தீங்களா?"

மீனவர் வலையிலிருந்து கையை எடுக்காமல், அந்தத் திசையில் ஒரு தடவை பார்த்தார். "அந்தத் தண்ணில பூநாரை நிக்காது சார், ஆழம். ரெண்டாவதா தெரியுதே, அது வலைக்குக் கட்டின தெர்மாக்கோலு."

முதலாவது எது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. அறிவியலில் சில கேள்விகளைக் கேட்காமல் விடுவதும் ஒரு முறையியல்தான்.

கல்லறைப் பிரிவு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கைடு சரித்திர ஆசிரியராகிவிடுவார். காரணம் எளிது. கல்லறை பறக்காது. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான், 1690இல் அதை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை. துணியும் வெடிமருந்தும் இங்கிருந்து போயின; அடிமைகளும் போனார்கள். டச்சுக்காரர்களில் இங்கேயே தங்கிவிட்டவர்களின் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாயிலில் செதுக்கிய எலும்புக்கூடுகள் பார்வையாளரை வரவேற்கின்றன. காலையிலிருந்து எதையும் தெளிவாகப் பார்க்காத குழு, இந்த எலும்புக்கூடுகளின் எதிரே நின்று ஒவ்வொரு விலா எலும்பாகப் படமெடுத்துத் தள்ளியது. பூநாரைக்குத் தொலைநோக்கியில் கிடைத்த நேரத்தைவிட இவற்றுக்குக் கிடைத்தது மிக அதிகம். கைடு, "இதெல்லாம் பதினேழாம் நூற்றாண்டு" என்றார். பழக்கதோஷத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். இங்கே அது தேவையே இல்லை.

கோட்டைக்கு வந்ததும் மறுபடி தேவைப்பட்டது.

"கோட்டை எங்க சார்?"

"நீங்க நிக்கிறதே கோட்டை மேலதான் மேடம்."

கீழே புதர், சீமைக்கருவேலம், சில செங்கல். பெண்மணி புதரைப் பார்த்தார், கைடைப் பார்த்தார், "ஓ..." என்றார். நல்ல நீளமான ஓகாரம்.

பட்டியலிடல்

திரும்பும் வழியில் அன்றைய பறவைப் பட்டியல் தயாரிக்கப்படும். கைடு பெயரைப் படிப்பார், குழு பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வது போலச் சொல்லும். நெடுங்கால் உள்ளான்? பார்த்தோம். மஞ்சள்மூக்கு நாரை? பார்த்தோம். ஆலா? பார்த்தோம். அரிவாள் மூக்கன்? அது எது சார்? வளைஞ்ச மூக்கு, கறுப்பா... ஆமாமா, பார்த்தோம். செம்பருந்து என்றதும் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மெர்லின் செயலியை நாள் முழுக்கப் போனில் ஓடவிட்டிருந்த இளைஞர் தன் பங்குக்கு மேலும் சில பெயர்களைச் சேர்த்தார். அவற்றில் ஒன்று ஐரோப்பாவை விட்டு வெளியே வராத பறவை. வேன் கதவு கிறீச்சிட்டதை அச்செயலி அப்படிக் கேட்டிருக்கிறது என்று பிறகு கண்டறியப்பட்டது. அன்று நாள் முழுவதும் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து, விழுந்த இட்லித் துண்டுக்காகத் தலையைச் சாய்த்து நம்மையே பார்த்துக்கொண்டிருந்த ஒரே பறவை காகம். எல்லோரும் சந்தேகமறப் பார்த்தது அது ஒன்றைத்தான். பட்டியலில் அதைச் சேர்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"பூநாரை?"

"ரெண்டு" என்று வேன் ஒரே குரலில் சொன்னது. மீனவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்துதான் சொன்னார்கள். கைடு எழுதிக்கொண்டார்.

மீதமிருக்கும் ஐயம்

முடிக்குமுன் எதிர்கால ஆய்வாளர்களுக்கு ஒரு சிக்கலை விட்டுச்செல்ல வேண்டும். பூநாரைகளும் தலையாட்டுகின்றன. துணை தேடும் பருவம் நெருங்கும்போது அவை கூட்டமாகச் சேர்ந்து, கழுத்தை விறைப்பாக நிமிர்த்தி, தலையை இடமும் வலமுமாகச் சட்சட்டென்று திருப்பும். ஒன்று தொடங்கினால் பக்கத்தில் இருப்பவையும் தொற்றிக்கொள்ளும். இது இணை சேர்வதற்கான ஆட்டம் என்று பறவையியலார் முடிவு கட்டிவிட்டார்கள். கரையில் இருந்து மேலும் கீழுமாக ஆடும் இத்தனை தலைகளைப் பார்த்த பறவைகள் 'இல்லை, இல்லை' என்று சொல்லக்கூடும் என்னும் சாத்தியத்தை அவர்கள் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

இந்தக் கருத்தைக் குழுவில் பதிவிட்டதும் மறுப்பு வந்தது. நம் ஊரில் தலையை இடவலமாக ஆட்டினாலும் 'சரி' என்றுதானே பொருள், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள்தான் அதில் குழம்பிப்போகிறார்கள், இத்தனை வருடமாகப் பழவேற்காட்டுக்கு வந்துபோகும் பறவைக்கு இது தெரிந்திருக்காதா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இதை ஏற்றுக்கொண்டால், இரண்டாவது பூநாரை இருந்தது என்பதற்குப் பூநாரைகளின் ஒப்புதலும் கிடைத்துவிட்டதாகவே கொள்ள வேண்டியிருக்கும். வங்கி மேலாளர் இந்த வாதத்துக்குக் கட்டைவிரல் தூக்கிய பொம்மை ஒன்றைப் போட்டிருக்கிறார். ஒன்றல்ல, இரண்டு.